புல் ரெக்வெஸ்டில் கண் இமோஜி மட்டும் வைத்தால் என்ன அர்த்தம்?

கேள்வி:
புது டீமில் சேர்ந்திருக்கிறேன். கோடை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நான் அனுப்பிய புல் ரெக்வெஸ்டில் (என் கோடு மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) சீனியர் ஒருவர் கண் இமோஜியை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. இன்னொருவர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார், ஆனால் மெர்ஜ் செய்ய (மாற்றத்தை முதன்மைக் கோடில் சேர்க்க) விடமாட்டேன் என்கிறது கிட்ஹப். கட்டைவிரலை அப்ரூவல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
கண் என்றால் பெரும்பாலும் "பார்த்துக்கொண்டிருக்கிறேன், பொறு" என்றுதான். கட்டைவிரலை கிட்ஹப் கணக்கிலேயே சேர்க்காது. ரிவ்யூவில் (கோடைச் சரிபார்க்கும் இடம்) 'அப்ரூவ்' தேர்ந்தெடுத்துச் சமர்ப்பித்தால்தான் செல்லும். வைத்தவரிடமே கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

பதில் 2:
நான் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை (யாரும் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு) பராமரிக்கிறேன். முன்பெல்லாம் ஒரு இஷ்யூவில் (பிழையையோ கோரிக்கையையோ பதியும் பக்கம்) "+1", "எனக்கும்தான்" என்று கமென்ட் குவியும், ஒவ்வொன்றுக்கும் மெயில் வந்து விழும். 2016 ஜனவரியில் என்னைப் போல் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப்புக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இந்தப் புகாரும் இருந்தது. மார்ச்சில், கமென்டுக்குப் பதிலாக வைக்கும் ஆறு இமோஜி ரியாக்‌ஷன்கள் வந்தன. கண்ணும் ராக்கெட்டும் பிறகு சேர்ந்தவை.

மெயில் தொல்லை ஒழியத்தான் இந்த ஏற்பாடு, அதனால் ரியாக்‌ஷனுக்கு நோட்டிஃபிகேஷன் போகாது. ரிவ்யூவில் அதுவே காலை வாரும். நீங்கள் ஒரு கேள்வி கேட்கிறீர்கள், எதிரில் இருப்பவர் கட்டைவிரல் வைக்கிறார். பக்கத்தை நீங்களாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு. அவரோ பதில் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்!

ரிவ்யூவர் சொன்னதைச் செய்துவிட்டால் நான் கட்டைவிரல் வைத்து 'ரிசால்வ்' (அந்தப் பேச்சு முடிந்தது என்று மூடும் பட்டன்) அழுத்திவிடுவேன். செய்யப்போவதில்லை என்றால் காரணத்தை எழுதியே ஆக வேண்டும். கீழ்நோக்கிய கட்டைவிரல், குழப்ப முகம் இரண்டையும் புதியவர்களின் கோடில் வைக்கவே மாட்டேன். எந்த வரி சரியில்லை, ஏன் சரியில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதயம் மட்டும் தாராளமாக.

பதில் 3:
கீழ்நோக்கிய கட்டைவிரலை அப்படி ஒதுக்க வேண்டாம். "இந்த ஃபங்ஷனுக்கு இந்தப் பெயர் சரியா?" என்று டீமிடம் ஓட்டுக் கேட்கும்போது அதுதான் வேகம். நாங்கள் கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் இருக்கிறோம், அங்கே இமோஜிக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் எது எதற்கு என்று ரெப்போவின் (கோடு இருக்கும் இடம்) கான்ட்ரிபியூட்டிங் ஃபைலில் (பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டி) எழுதிவைத்தோம். உங்கள் டீமிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.