சூடானதும் செல்ஃப் எடுக்கவில்லை, ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும்

பழையவண்டி:
150 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் காலத்து வண்டி. காலையில் பட்டனைத் தொட்டாலே செல்ஃப் எடுக்கிறது. நன்றாக ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்தி மறுபடி அழுத்தினால், சீட்டுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கரில் உதைத்தால் உடனே கிளம்பிவிடும். பேட்டரி புதிது. டெர்மினல்களைச் சுரண்டித் துடைத்துவிட்டேன். மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது, ஹாரனும் கணீரென்று அடிக்கிறது. ஒரு மெக்கானிக் ரிலே (பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) போச்சு என்கிறார், இன்னொருவர் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கிக்கர்பிரியன்:
ரிலேதான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். ரிலேயில் இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் ஒட்டிப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் ரிலேயை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

ஆர்மேச்சர்:
கொஞ்சம் பொறுங்கள். ரிலேயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அளந்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் வைத்தால் பொறி பறக்கும், பக்கத்தில் பேட்டரி இருக்கிறது. கியரில் கிடந்தால் வண்டி பாயும். மீட்டர் கையில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

நீங்கள் பார்த்த 12.6 பேட்டரி சும்மா இருக்கும்போது உள்ள வோல்ட். வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் அதே 12.6-ஐக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பது இல்லை என்றே சொல்லலாம். ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் கேட்பது பல பத்து ஆம்பியர். 60 ஆம்பியர் ஓடும் பாதையில் எங்கோ 0.02 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் காணாமல் போய்விடும். அதனால் எந்த அளவாக இருந்தாலும் பட்டனை அழுத்திக்கொண்டே எடுக்க வேண்டும். அதுவும் வண்டி சூடாகி, மக்கர் பண்ணும் நேரத்தில்.

முதலில் பேட்டரி டெர்மினல்களில் வைத்து அழுத்துங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை, அல்லது மோட்டார் எங்கோ இறுகி அளவுக்கு மேல் கரண்ட் குடிக்கிறது. அப்புறம் சிவப்பு முனையை மோட்டாரின் போல்ட்டிலும் கருப்பு முனையை மோட்டாரின் உடம்பிலும் வைத்து அழுத்துங்கள். பலர் இந்த இடத்தில் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலேயே விட்டுவிடுவார்கள். அப்படி அளந்தால் எர்த் வயர் கெட்டிருப்பது தெரியவே தெரியாது.

பேட்டரியில் 12 இருக்க மோட்டாரில் 3 என்றால் வழியில் திருட்டு நடக்கிறது: ரிலே, வயர் முனையில் பச்சை பூத்த லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்), எர்த், இதில் ஏதோ ஒன்று. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் ரிலே மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று, அழுத்தும்போது நியூட்ரல் லைட்டைக் கவனியுங்கள். மங்குகிறதா, அப்படியே எரிகிறதா? (ஹெட்லைட் வேண்டாம், பழைய வண்டிகள் பலவற்றில் அது இன்ஜின் ஓடினால்தான் எரியும்.)

பழையவண்டி:
ஆர்மேச்சர் அண்ணா, சூட்டோடு பார்த்துவிட்டேன். அழுத்தும்போது பேட்டரியில் 12.5, மோட்டாரில் 12.4. லைட் துளியும் மங்கவில்லை. மோட்டார் அசையவே இல்லை.

ஆர்மேச்சர்:
அப்படியென்றால் ரிலே நல்லவன். கரண்ட் வாசல்வரை வந்து நிற்கிறது, மோட்டார்தான் எடுக்கவில்லை. லைட் மங்காததும் அதனால்தான். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்து, கம்யூட்டேட்டரில் (அது உரசும், சுழலும் செம்புப் பட்டைகள்) சரியாக உட்காராமல் நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். உறுதி செய்ய, ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு ஸ்பேனர் பிடியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டுங்கள். சுற்றினால் பிரஷ்தான். ஓங்கி அடிக்காதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விடும்.

பழையவண்டி:
தட்டியதும் சுற்றியது! முழு மோட்டார் வாங்கணுமா, பிரஷ் மட்டும் போதுமா?

ஆர்மேச்சர்:
கம்யூட்டேட்டர் நன்றாக இருந்தால் பிரஷ்ஷும் அதன் ஸ்பிரிங்கும் போதும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மூடியைத் திறக்கும் முன் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று போட்டோ எடுத்து வையுங்கள், அதில்தான் எல்லோரும் சிக்குவார்கள்.

கம்யூட்டேட்டரை நைசான உப்புத்தாளால் துடைக்கலாம். எமரி துணி வேண்டவே வேண்டாம், அதன் துகள் கரண்ட் கடத்தும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கரித்தூள் அடைத்திருந்தால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். பிறகு எந்தப் பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் பாருங்கள். தொடர்பு காட்டினால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) போய்விட்டது, புது பிரஷ் போட்டுப் பயனில்லை.

பாசிட்டிவ் போல்ட்டைச் சுற்றி இருக்கும் இன்சுலேட்டர் வாஷர்கள் பழையபடியே உட்கார வேண்டும். ஆர்மேச்சரை உள்ளே செருகும் முன், அந்த போல்ட்டோடு சேர்ந்த பாசிட்டிவ் பிரஷ்ஷுக்கும் மூடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கக் கூடாது. மோட்டாரை இன்ஜினில் செருகும் ஓ-ரிங் கெட்டித்துப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கிக்கர்பிரியன்:
சரி, ரிலே விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. என் வண்டிக்கும் ஒரு வழி சொல்லுங்கள். மோட்டார் சர்ரென்று சுற்றும் சத்தம் கேட்கிறது, இன்ஜின் சுற்றவே இல்லை.

ஆர்மேச்சர்:
அது வேறு நோய். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்வே கிளட்ச் (மோட்டாரின் சுழற்சியை ஒரே திசையில் இன்ஜினுக்குக் கொடுப்பது) வழுக்குகிறது, அதன் உருளைகளோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கும். பெரும்பாலும் மேக்னட் (இன்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரம்) பக்க மூடியைத் திறந்தால், மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும். மேக்னட்டை எடுக்க அதற்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும், சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். உங்கள் வண்டி எது, எந்த வருடம் என்று தனிப் பதிவாகப் போடுங்கள், பேசலாம்.