அடிப்படைத் தமிழ் வகுப்பு: பேசத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றாக. யோசனை சொல்லுங்க

வணக்கமுங்க. கோவைப் பக்கம் கல்லூரிகளில் பகுதி 4 அடிப்படைத் தமிழ் (பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கான பாடம்) நடத்தும் ஆசிரியர்களிடம் ஓர் உதவி. ஒரே வகுப்பில் 32 பேர். பாதிப்பேர் வீட்டில் தமிழ்தான். பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்ததால் எழுத்து தெரியாது. மீதி, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் பாலக்காட்டுப் பிள்ளைகளும்.

முதல் கூட்டம் "அவிங்க வந்துட்டாங்கோ" என்று சரளமாகப் பேசும். எழுதச் சொன்னால் ர-ற, ன-ண, ல-ள-ழ எல்லாம் இடம் மாறும். 'அவர்கள்' என்ற சொல்லே எட்டிப் பார்க்காது. இந்தி பேசுவோருக்கு இடறல் வேறு: கடல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. மலையாளத்தில் நான், நீ, அவன் என்று காட்டும் இட விகுதி வினையின் முடிவில் இல்லாததால் பாலக்காட்டார் 'நான் வந்து' என்றே நிறுத்திவிடுவார்கள்.

இரு கூட்டத்தையும் கலந்து இருவர் இருவராக உட்கார வைத்தால் பேசத் தெரிந்தவரே எல்லாம் சொல்லிவிடுகிறார். இப்போது வேலையைப் பிரித்துவிட்டோம்: பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பது புதியவர், அதே தகவலைக் கேட்டு எழுதுவது வீட்டுத்தமிழர். 15 நிமிடம் ஓடுகிறது.

சிக்கல் மதிப்பெண்ணில்தானுங்க. எல்லாருக்கும் ஒரே தாள் வைத்தால் வாய்மொழித் தேர்வில் வீட்டுத்தமிழர் சும்மாவே மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இரண்டு தாள் வைப்பவர்கள் இருக்கிறீர்களா? எழுத்தில் கொங்குச் சொல் வந்தால் குறைக்கிறீர்களா, ஓரத்தில் குறித்துவிட்டு விடுகிறீர்களா? மாதிரி வினாத்தாள் இருந்தால் பகிருங்க.