மொட்டைமாடிச் சாடித் தோட்டத்துக்கு வரும் அணில், மரநாய், வௌவால்: துன்புறுத்தாமல் பயிரைக் காப்பது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தை மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையிலுள்ள நான்கு மாடி வீட்டின் மொட்டைமாடியில் சாடிகளில் பயிர் செய்து வருகிறேன். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, சந்தையில் பச்சைமிளகாயின் விலையைக் கேட்கவே அச்சமாக இருந்த நாட்களில் தொடங்கிய தோட்டம் இது. இப்போது தக்காளி, கத்தரி, கொச்சிக்காய், வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றோடு ஒரு பாவற்கொடியும், தண்ணீர்த் தாங்கியின் தூண்களில் படர்ந்த கொடித்தோடையும் இருக்கின்றன.

சில மாதங்களாகக் காலையில் மேலே போனால் ஏதாவது ஒரு சாடியின் மண் கிளறப்பட்டு, நாற்றுகள் வேரோடு வெளியே கிடக்கின்றன. தக்காளி பழுக்கத் தொடங்கினாலே சேதம்தான். சிலவற்றில் மேற்பக்கம் கூரிய துளை இருக்கிறது, வேறு சிலவற்றிலோ காம்புப் பக்கம் அப்படியே இருக்க, அடிப்பக்கம் குடையப்பட்டு, தோலின் விளிம்பில் இரண்டிரண்டாகக் கீறிய பற்குறிகள் தெரிகின்றன. கைப்பிடிச் சுவரின் மேல் எப்போதும் ஒரே இடத்தில் பப்பாசி விதைகள் முழுதாகக் கலந்த எச்சம் கிடக்கிறது. இவற்றுக்கிடையே கறிவேப்பிலைச் சாடியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி முட்டையும் இட்டிருக்கிறது.

கீழ் வீட்டார் எலிப்பாஷாணம் வைக்கச் சொல்கிறார்கள். பசை அட்டை வாங்கித் தரவும் முன்வந்தார்கள். அந்த அட்டையில் ஒட்டிக்கொண்ட உயிர் இரவு முழுவதும் துடிக்கும் என்பதை அறிந்தபின் அதை வீட்டுக்குள் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதேநேரம், பாடுபட்டு வளர்த்ததை முழுவதும் இழக்கவும் முடியாது. அம்மாவோ மதியம் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் சாப்பிடமாட்டார். அந்தச் சோறுதான் எல்லாவற்றையும் அழைத்து வருகிறது என்று கீழ் வீட்டார் குறைப்படுகிறார்கள். என்னென்ன உயிர்கள் வருகின்றன என்பதை எப்படி அறிவது, எந்த வலை பாதுகாப்பானது, கூட்டையும் சோற்றையும் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: தெஹிவளை, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

வணக்கம் மகள். நீங்கள் அடையாளங்களை நன்றாகக் கவனித்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. உங்கள் மாடிக்கு வருவது ஓர் உயிரல்ல. குறைந்தது நான்கு வகை உயிர்கள் வெவ்வேறு நேரங்களில் வந்து போகின்றன. எது எதைச் செய்தது என்று பிரித்தறியாமல் மாடி முழுவதையும் வலையால் போர்த்தினால் காசும் வீணாகும், பயிரும் தப்பாது.

பகலில் சாடி மண்ணைக் கிளறுவது பெரும்பாலும் அணில். அதற்கு உங்கள் நாற்றில் விருப்பமில்லை. பொலபொலவென்று ஈரமாக இருக்கும் தும்புத்தூளில் விதையும் புழுவும் தேடியே தோண்டுகிறது, நாற்று இடையில் அகப்பட்டுப் போகிறது. ஆகவே அணிலை விரட்டுவதை விட்டுவிட்டு மண்ணை மூடுங்கள். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சாடியின் வாயளவுக்கு வட்டமாக வெட்டி, ஓர் ஆரத்தில் பிளந்து, நடுவில் தண்டுக்கு இடம்விட்டுப் பதித்துவிடலாம். வெட்டிய முனைகளை உட்புறமாக மடித்துவிட்டால் உங்கள் கையும் கிழியாது, அணிலின் காலும் கிழியாது. செலவில்லாத வழி வேண்டுமானால் பொச்சுமட்டையைக் கையகலத் துண்டுகளாக்கி நெருக்கமாக அடுக்குங்கள். அவை வெயிலில் ஈரத்தையும் காக்கும். ஆனால் புதிதாக விதை போட்ட சாடிக்கு முளை வந்து நான்கு இலை விடும்வரை கம்பி வலைதான் உறுதியானது.

தக்காளியில் இருக்கும் கூரிய துளை பறவையின் கொத்து. கொண்டைக்குருவியும் குக்குறுவானும் சிவந்த பழத்தைத்தான் நாடும். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு: பழம் கொடியிலேயே முழுதாகச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தக்காளி பறித்தபின்னும் பழுக்கும் இயல்புடையது. பச்சை வெளுத்து அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும்போதே பறித்து, வெயில் படாத இடத்தில் ஒரு கூடையில் பரப்பி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பது தடைப்படும். இந்த ஒரு பழக்கத்தாலேயே உங்கள் இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

இரண்டிரண்டாகக் கீறிய பற்குறி எலியுடையது. இங்கே நான் மென்மையாகப் பேசப்போவதில்லை. எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் உயிரைப் பறிக்கும் நோய். அது கடித்த பழத்தைக் கையுறையோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், வெட்டிவிட்டு மீதியை உண்ண வேண்டாம். என்றாலும் பாஷாணம் கூடாது. கடைகளில் விற்கும் பாஷாணங்களில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுத்துப் பல நாட்கள் எடுத்துக் கொல்பவை. அந்த நாட்களில் தள்ளாடித் திரியும் எலியை ஆந்தையோ பூனையோ மரநாயோ பிடித்துத் தின்றால் அதுவும் நஞ்சேறிச் சாகும். எலியை இலவசமாகப் பிடித்துத் தரும் உயிர்களைக் கொன்றுவிட்டு எலியை மட்டும் பெருக்கிக்கொள்வதில் என்ன பயன்? எலி மேலே ஏறும் வழியைப் பாருங்கள். நீர்க்குழாயைச் சுற்றி வழுவழுப்பான தகரத்தால் அகலமான தட்டு ஒன்றைப் பொருத்தினால் அதைக் கடந்து ஏறுவது எலிக்குக் கடினம். கூட்டெருத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டு, அடியிலுள்ள துளைகளைக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் அடையுங்கள். பிளாஸ்டிக் வலையை எலி ஓரிரவில் கத்தரித்துவிடும்.

சுவரில் கிடக்கும் விதை கலந்த எச்சம் மரநாயுடையது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது அதன் வழக்கம். கொடித்தோடை பழுத்தால் தானாக உதிரும், உதிர்ந்ததை அது தேடி வரும். கொடியின் கீழ் ஒரு துணித் தொட்டில் கட்டி, இருட்டுமுன் விழுந்தவற்றை எடுத்துவிட்டால் அது சுவரோடு நடந்து அடுத்த வீட்டுப் பப்பாசிக்குப் போய்விடும். இலைகளில் பளபளப்பான கோடும் ஓட்டைகளும் கண்டால் அது நத்தை. மாலை மங்கியதும் கையுறையோடு பொறுக்கி எடுப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

மிளகாய்த் தூள் தூவச் சொல்லி யாராவது எழுதினால் செய்யாதீர்கள். பறவைகளுக்குக் கொச்சிக்காயின் காரமே உறைக்காது. அணிலுக்கோ அது கண்ணிலும் மூக்கிலும் எரிச்சலாகப் படிந்துவிடும், மழையில் கரைந்தபின் மறுபடியும் தூவ வேண்டும். பூச்சி உருண்டையும் நஞ்சு; உண்ணும் பயிர் உள்ள இடத்தில் அதற்கு வேலையில்லை.

பதில்: நுகேகொடை

வலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதுவே அறியாமல் செய்யும் பெரிய கொடுமை. பழமரங்களின் மேல் தளர்வாகப் போடும் மெல்லிய நைலோன் வலையில் பழந்தின்னி வௌவால் சிக்கியதை எங்கள் ஒழுங்கையில் பார்த்திருக்கிறேன். சிறகின் மென்சவ்வுக்குள் நூல் இறங்கி, உதறும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாக அறுத்துக்கொண்டிருந்தது. அது எழுப்பிய ஒலியை மறப்பது கடினம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 முதல் வீட்டுப் பழமரங்களுக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் கண்ணகலமுள்ள வலையைப் போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம்மிடம் அத்தகைய விதி இருக்கிறதோ இல்லையோ, அளவுகோல் நல்லது: சுண்டுவிரல் நுழையும் வலையை வாங்காதீர்கள். இரவில் தெரியும்படி வெள்ளை நிறத்தில் வாங்கி, சட்டத்தில் முரசுத் தோல்போல இறுக்கிக் கட்டுங்கள்.

உண்மையில் புறக்கோட்டையில் முழக்கணக்கில் விற்கும் நுளம்பு வலைத் துணியே போதும். அதைப் பையாகத் தைத்து, நாடா கோத்து, காய்த்த குலைக்கு மட்டும் கட்டிவிடுங்கள். முழுக்கொடியையும் மூடினால் பாவல் காய்க்காது. அதற்குத் தேனீ வர வேண்டும், கொடித்தோடைக்குக் கருவண்டு வர வேண்டும். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், மூடினாலும் பூங்கொத்தை மெல்லத் தட்டிவிட்டால் போதும்.

எங்கள் பக்கம் மந்தியும் வரும். ஊதாநிற முகமுள்ள இந்த மந்தி இலங்கைக்கு மட்டுமே உரியது. அதன் மேற்குக் கிளையினம் கொழும்பையும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களையும் நம்பியே வாழ்கிறது, அழிவின் விளிம்பில் இருக்கிறது. இலை தின்னும் உயிர் அது. பாணும் பிஸ்கட்டும் அதன் வயிற்றைக் கெடுக்கும், ஆகவே இரக்கத்தினால்கூடக் கொடுக்கக் கூடாது. அது வரும் வீடுகளில் கீரைச் சாடிகளைக் கம்பி வலைக் கூண்டுக்குள் வைப்பதைத் தவிர வேறு வழியை நான் காணவில்லை. வெள்ளவத்தையில் உங்களுக்கு இந்தக் கவலை வராது.

பதில்: கொட்டாஞ்சேனை

தங்கச்சி, அம்மா காகத்துக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அது நம் முன்னோரை நினைத்துச் செய்வது, அதை விலையாகக் கொடுத்துத் தக்காளியைக் காக்க வேண்டியதில்லை. வைக்கும் விதத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சுவரின் மேல் நேரடியாக வைக்காமல் ஒரு தட்டில், காகம் தின்று தீர்க்கும் அளவுக்கு ஒரு கவளம் மட்டும், நடுப்பகலில், சாடிகளுக்கு எதிர் மூலையில் வைக்கட்டும். காகம் வந்து போனபின் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். எலியை அழைப்பது காகத்துக்கு வைத்த சோறு அல்ல, பொழுது சாய்ந்தபின்னும் கிடக்கும் மிச்சம்தான். எங்கள் மாமியாரிடம் இதை விளக்கியபோது, மிச்சம் கிடப்பது படையலுக்கு மரியாதையில்லை என்று அவரே தட்டை எடுக்கத் தொடங்கிவிட்டார்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதானால் நுளம்பை மறக்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். தினமும் மாலையில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். சாடிகளின் அடித்தட்டுகளையும் எடுத்துவிடலாம், அல்லது மணல் நிரப்பலாம். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாடிக்கும் ஏறிப் பார்ப்பார்.

கூட்டை நகர்த்தாதீர்கள், சாடியையும் திருப்பாதீர்கள். கொண்டைக்குருவி ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும், குஞ்சுகள் மேலும் இரண்டு வாரத்துக்குள் கூட்டைவிட்டு வெளியேறிவிடும். அதுவரை கறிவேப்பிலைக்கு வேறு வழி பாருங்கள். தண்ணீர் ஊற்றும்போது குழாயால் பீச்சாமல், தாய்ப் பறவை இரைதேடப் போயிருக்கும் வேளையில் மண்ணருகே குவளையால் ஊற்றினால் போதும். நீங்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தால் காகம் கவனித்துவிடும். அதன்பின் முட்டை மிஞ்சாது. சோற்றுத் தட்டைக் கூட்டிலிருந்து தூரத்தில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளவத்தை மாடித்தோட்டம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொச்சுமட்டையை இன்றே அடுக்கத் தொடங்குகிறேன். அம்மாவும் தட்டுக்குச் சம்மதித்துவிட்டார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்த மரநாய் பக்கத்து வீட்டின் சீலிங்குக்குள் தங்குவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் அதைக் கூண்டு வைத்துப் பிடித்து, எங்காவது வாய்க்காலோரம் விட்டுவிட எண்ணுகிறார்கள். கொல்லாமல் விடுவதுதானே, அது சரியா?

தெஹிவளை, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

நல்லெண்ணம்தான், ஆனால் பலன் வேறு, மகள். அறியாத இடத்தில் விடப்பட்ட மரநாய்க்கு எங்கே உணவு, எங்கே பதுங்கிடம் என்று தெரியாது. தெருநாய்களிடம் அகப்படும், அல்லது தன் இடத்தைத் தேடி வீதியில் இறங்கி வாகனத்தில் அடிபடும். குட்டிகள் சீலிங்குக்குள் இருந்தால் அவை பட்டினியில் சாகும், வீட்டாருக்கும் நாற்றம் மிஞ்சும். திறந்த ஓட்டையை அடைக்காதவரை இன்னொன்று அந்த இடத்துக்கு வரும்.

முதலில் குட்டிகளின் சத்தம் கேட்கிறதா என்று சில இரவுகள் செவிமடுக்கச் சொல்லுங்கள். கேட்டால், அவை தாயோடு வெளியே நடமாடத் தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், சீலிங்குக்குள் ஒரு மின்விளக்கை எரியவிட்டு, பகலில் ஒரு வானொலியைப் பேசவிட்டால் அது தானே வேறிடம் தேடும். அது நுழையும் வழியில் பழைய பத்திரிகைத் தாளைத் தளர்வாகச் செருகி வைக்கச் சொல்லுங்கள். தாள் தொடர்ந்து சில இரவுகள் அசையாதிருந்தால் உள்ளே எதுவும் இல்லை என்று கொண்டு, பகல் வெளிச்சத்தில் உள்ளேயும் ஒருமுறை பார்த்துவிட்டு, கம்பி வலையால் நிரந்தரமாக அடைக்கலாம். ஓட்டுக்கு மேல் சாய்ந்திருக்கும் மாங்கிளை ஏதும் இருந்தால் அதையும் வெட்டட்டும். காயப்பட்டதையோ தனித்துக் கிடக்கும் குட்டியையோ கண்டால் வெறுங்கையால் தொடாமல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.