கட்டியும் துணைச் செல், அதை வளர்ப்பதும் துணைச் செல்லா?

ஜயநகர்வாசி (பெங்களூரு):
வணக்கம். என் தாய்மாமாவுக்கு இங்கே மூளைக் கட்டி அறுவை சிகிச்சை நடந்தது. பயாப்சி அறிக்கையில் ‘கிளையோபிளாஸ்டோமா, ஜி.எஃப்.ஏ.பி. பாசிட்டிவ்’ என்றும், அடுத்த வரியில் ‘சி.டி.68 செல்கள் ஏராளம்’ என்றும் உள்ளன. நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் செல்களின் சாயல் கொண்ட கட்டி இது என்றார் மருத்துவர். சுற்றியுள்ள துணைச் செல்களே கட்டியை வளர்க்கின்றன என்கிறார் உறவினர் ஒருவர். இருவரும் ஒரே செல்லைத்தான் சொல்கிறார்களா?

நுண்ணோக்கி:
இல்லை. ஜி.எஃப்.ஏ.பி. என்பது அஸ்ட்ரோசைட்டுகளில், அதாவது நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் விண்மீன் வடிவச் செல்களில் உள்ள புரதம். கட்டிச் செல்களிலும் அது இருப்பதால்தான் அவற்றுக்கு அந்தச் சாயல். சி.டி.68 என்ற அடையாளப் புரதம் காட்டுவதோ மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவையும், இரத்தத்திலிருந்து வந்துசேரும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்களையும். ஆய்வகத்தில் நான் பார்க்கும் ஸ்லைடுகளில், நீல உட்கருக்களுக்கு நடுவே பழுப்புச் சாயம் ஏறிய இந்தச் செல்கள் அப்பிக் கிடக்கும். சில கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குகூட அவைதாம். 1856-இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ, துணைச் செல்களுக்கு ‘நரம்புப் பசை’ (கிளியா) என்று ஒரே பெயர் வைத்ததால் எல்லாம் ஒரே குடும்பம் போலத் தோன்றுகிறது. உண்மையில் மைக்ரோகிளியா, கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி மூளைக்குக் குடிவந்தவை. அஸ்ட்ரோசைட்டுக்கு அவை பங்காளிகூட அல்ல.

மல்லேஸ்வரம் மாணவி:
உங்கள் உறவினர் சொன்னதிலும் உண்மை உண்டு. கட்டி, சி.எஸ்.எஃப்.1 என்னும் புரதத்தைச் சுரந்து மைக்ரோகிளியாவைத் தன்பக்கம் இழுக்கிறது. வந்து சேர்ந்தவை, தம் மேற்பரப்பில் எம்.டி.1-எம்.எம்.பி. என்ற நொதியைப் பெருக்கி, கட்டி வெளியிடும் எம்.எம்.பி.2 நொதியை முடுக்கிவிட, அது செல்களுக்கு இடையிலுள்ள சட்டகத்தை அரித்துக் கட்டி ஊடுருவ வழிதிறக்கிறது. அஸ்ட்ரோசைட்டுகள் தம் பங்குக்குக் கொலஸ்ட்ராலைத் தருகின்றன. அது மூளைக்குள்ளேயே தயாராவது. இரத்தத்தில் உள்ளது அங்கே நுழையாது. எனவே எண்ணெயைக் குறைத்தால் கட்டி இளைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாமாவைப் பட்டினி போடாதீர்கள்.

ஜயநகர்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் மைக்ரோகிளியாவை மருந்தால் அழித்துவிடலாமே?

மல்லேஸ்வரம் மாணவி:
சி.எஸ்.எஃப்.1 ஏற்பியைத் தடுத்தபோது எலிகளில் கட்டி சுருங்கியதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது; அங்கே மேக்ரோஃபேஜ்கள் சாகவில்லை, குணம்தான் மாறின. அதே ஏற்பியைத் தடுக்கும் பெக்ஸிடார்டினிப் மாத்திரையை, கட்டி மீண்டும் வந்த 37 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலன் கிடைக்கவில்லை. எலிகளிலேயும், பின்னர் அதே மேக்ரோஃபேஜ்கள் ஐ.ஜி.எஃப்.1 என்னும் வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து கட்டியை மறுபடி வளர்த்தன.

நுண்ணோக்கி:
ஆகவே இப்போதைக்குக் கதிர்வீச்சும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும்தான். அறிக்கையில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவின் பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாத்திரை எவ்வளவு கைகொடுக்கும் என்பதை மருத்துவர் அதைக் கொண்டே கணிப்பார்.