மொரிஸ் மைனர் வேகமானி குறைத்துக் காட்டுகிறது: மீற்றரைக் கழற்றலாமா?

பண்டாரவளை மைனர்:

வணக்கம். எங்களுடையது 1959 மொரிஸ் மைனர் 1000, 948 சிசி. தாத்தா தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கியது. பிறகு மாமா ஓட்டினார், போன வருடம் என் கைக்கு வந்தது. டேஷ்போர்ட் நடுவில் இருக்கும் அந்த வட்ட மீற்றர்தான் தொல்லை. ஊசி 20 மைலில் நின்றால் போன் 35 கிலோமீற்றர் என்கிறது. 30-க்கு 52, 40-க்கு 69. கணக்குப்படி 32, 48, 64 தானே வர வேண்டும்? பழைய மீற்றர் கூட்டிக் காட்டும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஊருக்கு வெளியே வேக எல்லை 70 கிலோமீற்றர். நான் மெதுவாகப் போகிறேன் என்ற நினைப்பில் அதைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

காலைக் குளிரில் எடுத்தால் ஊசி ஆட்டம் வேறு, இரண்டு மைல் போன பிறகுதான் அடங்கும். டயர் 155 ஆர் 14. சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்கிறேன்: றம்பொடை ஏற்றத்தில் வண்டி மூன்றாம் கியரை ஏற்கவே மாட்டேன் என்கிறது. தாத்தா ஓட்டிய நாளில் அப்படி இல்லையாம்.

ஊரில் ஒருவர், மீற்றரைக் கொடு, ஊசியைப் பிடுங்கித் தள்ளி வைத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

வெலிமடை வளைவு:

போனை நம்பி எடுத்தீர்களா? வளைவில் அது பின்தங்கித்தான் காட்டும். நேரான ரோட்டில் அரை நிமிடமாவது ஒரே வேகத்தில் போய்ப் பாருங்கள். எனக்கென்னவோ டயர் என்றுதான் தோன்றுகிறது.

பண்டாரவளை மைனர்:

நேர் ரோட்டில்தான் எடுத்தேன் அண்ணன், மூன்று முறை.

ஹட்டன் பிட்டர்:

தம்பி, மீற்றரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நான் தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டில் 1098 மைனர் நிற்கிறது. நீங்கள் எழுதிய வித்தியாசங்களைப் பாருங்கள்: 3, 4, 5 என்று வேகத்தோடு ஏறுகிறது. ஊசி மட்டும் இடம் மாறியிருந்தால் எல்லா வேகத்திலும் ஒரே அளவுதான் பிழைக்கும். அவர் தள்ளி வைத்தால் 20-இல் சரியாகும், 40-இல் பிழையாகவே இருக்கும்.

கியர்பொக்ஸிலிருந்து சுழன்று வரும் கேபிள் மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணி நிற்கும். காந்தம் சுற்றினால் கிண்ணியும் கூடவே போகப் பார்க்கும், மயிர் போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்து இழுக்கும். அந்த இழுபறியைத்தான் ஊசி காட்டுகிறது. மைல் எண்ணும் சக்கரங்களுக்குக் காந்தமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, பல்லோடு பல்லாக ஓடும். ரோட்டோரக் கிலோமீற்றர் கல் 40 எண்ணிப் போய், 40 எண்ணித் திரும்புங்கள். மைல் 50-க்குப் பக்கம் ஏற வேண்டும். 46 தான் ஏறினால் மீற்றரில் குற்றமில்லை, கேபிளே குறைவாகச் சுற்றுகிறது.

றம்பொடைக்குச் சம்பந்தமில்லை என்றீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். 948-க்கு டிபரன்சியலில் (பின் அக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) 41-க்கு 9 பல், அதாவது ஷாப்ட் 4.55 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 1962-இல் வந்த 1098-க்கு 38-க்கு 9, 4.22. கேபிள் கியர்பொக்ஸ் வாலிலிருந்து புறப்படுகிறது, டிபரன்சியலுக்கு முன்னால். பின்னால் 4.22 இருந்தால் அதே தூரத்துக்கு ஷாப்ட் குறைவாகச் சுற்றும், கேபிளும் அப்படியே. 4.22-ஐ 4.55-ஆல் வகுத்துப் பாருங்கள், நூற்றுக்கு ஏழு குறைகிறது. உங்கள் பிழையும் அதுதான். சின்ன எஞ்சினுக்கு அந்தப் பல் என்றால் ஏற்றத்தில் திணறாமல் என்ன செய்யும்? டயர் மட்டும் இவ்வளவு தராது.

நிச்சயம் செய்ய ஒரு வழி. கேபிளை மீற்றரிலிருந்து கழற்றி, உள்கம்பி நுனியில் காகிதத் துண்டு ஒட்டுங்கள். பின் சக்கரம் ஆறு சுற்று சுற்றும் வரை வண்டியை நேராகத் தள்ளச் சொல்லி, காகிதம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதை 1680-ஆல் பெருக்கி, பின் சக்கர நடுவிலிருந்து தரை வரை உள்ள அங்குலத்தால் வகுங்கள். வருவது ஒரு மைலுக்குக் கேபிள் சுற்றும் எண்ணிக்கை; டயலில் பொடியாக அச்சிட்ட எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். சமதரை முக்கியம், பள்ளிக்கூட மைதானம் பாருங்கள். நம்ம பக்கத்தில் அதற்குத்தான் பஞ்சம்.

குளிரில் ஊசி ஆடுவது தனி விஷயம். யாரோ கேபிளுக்குள் பேரிங் கிரீஸை அப்பியிருப்பார்கள், காலையில் அது இறுகிக் கிடக்கும். உள்கம்பியை உருவி மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய கிரீஸ் லேசாகத் தடவுங்கள். மேல்பக்கம் எட்டு அங்குலத்தைத் துடைத்து உலர்வாக விடுங்கள். கிரீஸ் மீற்றருக்குள் ஏறினால் அப்புறம் உண்மையிலேயே கழற்ற வேண்டி வரும்.

பண்டாரவளை மைனர்:

ஐயா, செய்து பார்த்தேன். 80 கல்லுக்கு 46 மைல்! காகிதம் ஒன்பதே கால் சுற்று, தரைக்கு 11 3/8 அங்குலம். கணக்கு 1366, டயலில் 1472. மாமாவைப் பிடித்துக் கேட்டேன். அக்ஸில் சத்தம் போட்டதென்று ஒரு 1098-இன் பின் அக்ஸிலை முழுசாக வாங்கிப் போட்டாராம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கேபிள் கழுவிய பிறகு ஊசி ஆட்டமும் இல்லை.

ஹட்டன் பிட்டர்:

நல்லது. 1366-க்குக் கிட்டிய எண் போட்ட 1098 மீற்றர் கிடைத்தால் ஊசி மட்டும் சரியாகும். நானாக இருந்தால் 41 பல் செட்டைத் தேடிப் போடுவேன், றம்பொடையும் சேர்ந்து சரியாகும். கழற்றும் 38-ஐப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். என் வண்டியில் அது ஊளையிட ஆரம்பித்துவிட்டது, பஸ் பிடித்தாவது வந்து எடுத்துக்கொள்கிறேன்.