கலைச்சொல் தேடல்: 'அக்கல்ட் ஃபைலேரியாசிஸ்'

லாஸ்பேட்டை, புதுச்சேரி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். யானைக்கால் நோய் அத்தியாயத்தில், நோய் வழக்கத்துக்கு மாறாக வெளிப்படும் விதங்கள் பற்றிய பகுதியில் 'அக்கல்ட் ஃபைலேரியாசிஸ்' (யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழு ஒளிந்திருந்து தரும் நோய்) வருகிறது. அங்கே வண்டி நின்றுவிட்டது.

இந்த நோயாளிக்குக் கால் வீங்கியிருக்காது. ராத்திரியானால் வறட்டு இருமல், இளைப்பு. ஆஸ்துமா என்றோ 'ஈஸ்னோபீலியா' என்றோ பல மாதம் மருந்து சாப்பிட்டிருப்பார். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 3000ஐத் தாண்டியிருக்கும். ஆனால் நள்ளிரவில் ஸ்லைடு எடுத்துப் பார்த்தாலும் நுண்புழு, அதாவது ஃபைலேரியா புழுவின் குஞ்சு, ஒன்றுகூடச் சிக்காது. யானைக்கால் புழுவுக்கான டிஇசி மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் இருமல் அடங்கும்.

'மறைந்த யானைக்கால் நோய்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். யாரோ காலமான செய்தி மாதிரி இருக்கிறது. ஒழிந்துபோன நோய் என்று படிப்பவர்களும் இருப்பார்கள். 'மறை யானைக்கால் நோய்', 'உள்ளுறை யானைக்கால் நோய்' என்ற இரண்டும் கைவசம் உண்டு. எது சரி?

மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, பணியில் இருந்த காலம் முழுக்க ஸ்லைடு பார்த்த ஆய்வக ஆள் நான். சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம்.

இரத்தத்தில் நுண்புழு நிறைய இருந்தும் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு. பகலில் இரத்தம் எடுத்தால் இவர்களிடமும் அநேகமாக ஒன்றும் தெரியாது. நம் பகுதியில் உள்ள பான்கிராஃப்டி வகைப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் மேல் இரத்தத்துக்கு வரும். அதனால்தான் பத்து மணிக்கு மேல் ஊர் ஊராகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தினோம், திட்டும் வாங்கினோம். 'மறை' என்றாலும் 'உள்ளுறை' என்றாலும் செவிலியர்கள் இந்த ஆட்களைத்தான் நினைப்பார்கள். நீங்கள் கேட்டது இதற்கு நேர் எதிர். அங்கே நோய் வெளியே தெரிகிறது, புழுதான் தெரியவில்லை.

சரி, 'இரத்தத்தில் தென்படாத' என்று வைக்கலாமா என்றால் அதிலும் ஒரு சிக்கல். வருஷக்கணக்காகக் கால் தடித்துப்போனவர்களின் இரத்தத்திலும் பெரும்பாலும் நுண்புழு இருக்காது. கண்ணெதிரே நிற்கும் யானைக்காலை எப்படி மறை நோய் என்று சொல்வது?

அப்படியானால் தனி அடையாளம் எது? நுண்புழு இரத்தத்தில் சுற்றாமல் திசுக்களில் தங்கிவிடுகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அங்கேயே மூர்க்கமாகத் தாக்குகிறது. இருமலும் இளைப்பும் அந்தச் சண்டையால் வருபவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் 1960இல் இத்தகைய நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுவில் நுண்புழுக்கள் இருப்பதைக் காட்டினார்கள். நம் பக்கத்து ஊரில் நடந்த வேலை. கையேட்டில் ஒரு வரி கொடுங்கள்.

இன்னொரு வகையையும் இதோடு கலந்துவிடாதீர்கள். மார்பில் கட்டி, புற்றுநோயோ என்று பயந்து வருகிறார் ஒரு பெண். ஊசியால் உறிஞ்சி எஃப்என்ஏசி பார்த்தால் உள்ளே நுண்புழு. தைராய்டுக் கட்டியிலும் இப்படிக் கிடைத்ததுண்டு. இவர்களில் சிலருக்கு இரத்தத்திலும் புழு இருக்கும், ஆகவே அக்கல்ட் என்ற பெயர் எல்லாருக்கும் பொருந்தாது.

கடைசியாக ஒன்று. 'யானைக்கால்' என்ற சொல்லையே இந்தப் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். வீடு வீடாக டிஇசி மாத்திரை கொடுக்கப் போனபோது நாங்கள் அடிக்கடி கேட்ட கேள்வி, "எனக்குத்தான் கால் வீங்கலையே, எதுக்குங்க மாத்திரை?" என்பதுதான்.

நெல்லிக்குப்பம்

கடலூர் ஐயா சொன்ன பிறகு 'உள்ளுறை' நிச்சயமாக ஆகாது. உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். வெப்பமானியில் ஏறாமல் உள்ளேயே கிடக்கும் வெப்பம் அது. இங்கே நோய் இருமிக்கொண்டல்லவா இருக்கிறது!

'கரந்துறை' எப்படி? கரத்தல் ஒளிதல், உறைதல் தங்குதல். ஒளிந்திருப்பதையும் ஓரிடத்தில் தங்கியிருப்பதையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. ஐயா கேட்ட இரண்டாவது பாதி 'மறை'யில் கிடையாது. ஃபைலேரியாவுக்கு 'இழைப்புழு' போதும். 'நூற்புழு'வை வேளாண்மைக்காரர்கள் வேரைத் தாக்கும் புழுக்களுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆக, 'கரந்துறை இழைப்புழு நோய்'.

ராகு கேதுவைக் கரந்துறை கோள்கள் என்பார்களே, சோதிட வாடை அடிக்குமே என்று யாராவது கேட்பீர்கள். அடித்தால் அடிக்கட்டும். அந்தப் பழக்கத்தால் சொல் சீக்கிரம் மனசில் நிற்கும்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

நெல்லிக்குப்பம் அம்மாவுக்கும் கடலூர் ஐயாவுக்கும் நன்றி. 'கரந்துறை இழைப்புழு நோய்' என்றே கையேட்டில் போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில், நுண்புழு இரத்தத்தில் இல்லாமல் நுரையீரல் போன்ற திசுக்களில் தங்கும் நிலை என்று விளக்கமும் சேர்த்துவிடுவேன். நோயாளிகள் கையில் கொடுக்கும் துண்டறிக்கையில் இந்தச் சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். 'கால் வீங்காமலும் இந்தப் புழு நோய் வரும், ராத்திரி இருமலை அலட்சியம் செய்யாதீர்கள்' என்று இருந்தால் போதும்.

மார்புக் கட்டி, தைராய்டு வகைக்குக் கலைச்சொல்லே தேவையில்லை. 'எதிர்பாராத இடங்களில் இழைப்புழு' என்று துணைத்தலைப்பு வைத்துவிட்டேன்.

அப்புறம், அல்ட்ராசவுண்டில் விரைப்பை நிணநீர்க் குழாய்க்குள் உயிருள்ள புழுக்கள் ஓயாமல் அசைவதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 1994இல் பதிவுசெய்தார்கள். அதை 'ஃபைலேரியல் டான்ஸ்' என்கிறார்கள். 'புழு நடனம்' என்றால் செவிலியர்கள் சிரிப்பார்கள். 'நெளியாட்டம்' என்று எழுதியிருக்கிறேன்.

பாக்கி இருப்பது கைலூரியா. நிணநீர்க் குழாய் உடைந்து கொழுப்பு கலந்த நீர் சிறுநீர்ப் பாதையில் இறங்கும் நிலை. எண்ணெய், நெய் அதிகம் சாப்பிட்டால் கூடும். நோயாளிகள் "மூத்திரம் பாலா போகுது" என்பார்கள். 'வெள்ளை' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் கூடாது, வெள்ளைப்படுதலோடு குழப்பிவிடும். 'பால்சிறுநீர்' என்று போடப்போகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அச்சகத்துக்குப் போகிறது.