மலேரியா குறைந்த மலையில் அரிவாள் செல் மரபணு ஏன் நிலைத்திருக்கிறது?

கூடலூர் ஆசிரியை:
பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அண்மையில் இரத்தப் பரிசோதனை முகாமில் ‘அரிவாள் செல் கடத்தி’ (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோயின் மரபணுவைச் சுமப்பவர்) என்று அட்டை பெற்றிருந்த மாணவி ஒருத்தி, “கெட்ட மரபணுவை இயற்கை கழித்துவிடும் என்கிறீர்கள் டீச்சர், எங்களிடம் மட்டும் ஏன் விட்டுவைத்தது?” என்று கேட்டாள். மலேரியாவுக்கு எதிரான காப்பு என்று சொன்னேன். உடனே கடைசி பெஞ்சிலிருந்து, ஊட்டிக் குளிரில் ஏது மலேரியா என்று மறுகேள்வி வந்தது. அதற்கு என்னிடம் விடையில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சீகூர்வாசி:
நீலகிரி என்றாலே உதகை என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடலூரோ சுமார் 1,000 மீட்டர்தான், சீகூர்ப் பக்கம் அதனினும் தாழ்வு. பழங்குடியினரான பணியரும் இருளரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த காடுகளிலும் சரிவுகளிலும்தான். 1897ஆம் ஆண்டு விடுப்பில் உதகைக்கு வந்திருந்த ஆங்கிலேய மருத்துவர் ரொனால்ட் ராஸ், மலேரியாவை ஆராய்வதற்காகச் சீகூர் மலைச்சரிவில் இறங்கி, தாமே அந்தக் காய்ச்சலில் விழுந்தார். கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை அவர் கண்டறிந்தது அதே ஆண்டு ஆகஸ்டில், செகந்திராபாத்தில். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகப் பதிவானதும் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952இல் அதை வெளியிட்டார்கள்.

ஆய்வகப் பணியாளர்:
அந்த மாணவிக்கு முதலில் சொல்ல வேண்டியது, கடத்தி என்பவர் நோயாளி அல்லர் என்பதே. கடத்தியிடம் அந்த மரபணுவின் ஒரு பிரதிதான் இருக்கும்; தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்று இரண்டு பிரதிகள் இருந்தால்தான் நோய். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அரிவாள் செல்லில் ஆறாம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் வாலினாக மாறியிருக்கிறது, அவ்வளவே. முகாமில் நாங்கள் கரைசல் கலந்த குழாயில் சிறிதளவு இரத்தத்தை விட்டு, பின்னால் கறுப்புக் கோடுகள் போட்ட அட்டையைப் பிடிப்போம். சாதாரண இரத்தமானால் கோடுகள் தெரியும், அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் கலங்கல் அவற்றை மறைத்துவிடும். ஆனால் இச்சோதனை கடத்தியையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. அதற்கு, ஹீமோகுளோபின் வகைகளை மின்புலத்தில் தனித்தனியே பிரிக்கும் எலக்ட்ரோபோரசிஸ் சோதனை வேண்டும்.

கடத்தியின் சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி சரியாக வளர்வதில்லை, புகுந்த அணுவையும் மண்ணீரல் விரைந்து அகற்றிவிடுகிறது. ஆகவே மலேரியா வந்தாலும் உயிர்க்கொல்லியாவது குறைகிறது. இந்தத் தொடர்பை ஆலிசன் என்ற ஆய்வாளர் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தரவுகளோடு காட்டினார். மலேரியா மண்ணில் கடத்திகள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். இரண்டு கடத்திகள் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்த இழப்பை ஈடுகட்டியது அந்தக் காப்புதான். ‘கெட்ட மரபணு’ என்ற சொல்லை வகுப்பறையில் தவிர்ப்பது நல்லது.

கூடலூர் ஆசிரியை:
மிக்க நன்றி. மலேரியா அரிதாகிவிட்ட இந்நாளில் அந்த மரபணு தானே மறைந்துவிடுமா?

ஆய்வகப் பணியாளர்:
குறையும், ஆனால் மிக மெதுவாக. நோயுற்றவர்களின் இறப்பால் மட்டுமே அது கழிகிறது. அரிதாக ஆக ஆக, மிச்சமுள்ள பிரதிகளில் பெரும்பங்கு நலமான கடத்திகளிடம் தங்கிவிடுவதால் கழிவது இன்னும் மெதுவாகும். ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகளால் நோயாளிகளும் நெடுநாள் வாழ்கிறார்கள். உங்கள் மாணவியின் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் தேவைப்படும்.